செத்த எழுத்தும் சாகாத கடனும்

வாரும் மருமகனே, வாரும். திண்ணையில இரும். புதுமனை புகுவிழாப் பத்திரிகையா, குடும் பாப்போம். நல்ல கெட்டித் தாளு. ‘எங்கள் சொந்த இல்லம்’னு தங்க எழுத்துல அடிச்சிருக்கீரு. ரொம்பச் சந்தோசம். கிரயப் பத்திரம் எங்க இருக்கு? பேங்க்ல. தாய்ப் பத்திரம்? அதுவும் பேங்க்ல. அப்ரூவல் பிளான்? அதையும் வாங்கி வச்சுக்கிட்டானா! அப்போ உம்ம கையில சாவி மட்டுந்தான் இருக்கு. சாவி வாட்ச்மேன்கிட்டயும் ஒண்ணு இருக்கும்லா?

கோவிக்காதேயும். முனிசீப் கோர்ட்டுல வக்கீல் குமாஸ்தாவாக் கட்டைத் தூக்கிட்டுத் திரிஞ்சவன் நான். அடமானக் கேஸு பாத்துப் பாத்துத்தான் இந்தத் தலை நரைச்சது. மத்தியானத்துல தூக்கம் வராதப்போ வக்கீல் ஐயா அலமாரியில இருந்த தடித்தடிப் பொஸ்தகங்களைப் புரட்டினேன். அந்த ஞானத்தை இன்னைக்கு உமக்கு இனாமாத் தாரேன்.

போன்ல என்ன சொன்னீரு? “மாமா, பேங்க்ல மார்ட்கேஜ் குடுத்துட்டான்”னு சொன்னீரு. ஒரு வாக்கியத்துல ரெண்டு தப்பு. முதல் தப்பு உச்சரிப்பு. அந்தச் சொல்லு நடுவுல ஒரு ‘ட்’ எழுத்து உக்காந்திருக்கு பாரும், அது செத்துப்போய் ரொம்ப நாளாச்சு. எழுதும்போது வரும், பேசும்போது வாயைத் திறக்காது. ‘மார்கேஜ்’னுதான் வெள்ளக்காரன் சொல்லுதான். ரெண்டாவது தப்புதான் பெருசு. மார்கேஜ் குடுத்தது பேங்க் இல்லவே, நீரு! பேங்க் குடுத்தது கடன். அந்தக் கடனுக்கு ஈடா வீட்டை எழுதிக் குடுத்தீரே, அதுக்குப் பேருதான் மார்கேஜ். சட்டத்துல நீரு மார்கேஜர், அவன் மார்கேஜி. குடுக்கிறவன் யாரு, வாங்குறவன் யாருன்னு தெரியாமலே கையெழுத்துப் போட்டுட்டு வந்திருக்கீரு. உம்மைச் சொல்லிக் குத்தமில்ல, இங்கிலாந்து அமெரிக்காவுலயும் முக்காவாசிப் பேரு ‘எனக்கு மார்கேஜ் கெடச்சுட்டு’ன்னுதான் சொல்லிட்டுத் திரியிறான்.

சொல்லோட வீட்டு விலாசம் கேளும். பழைய பிரெஞ்சுல ‘மார்’னா செத்தது. ‘காஜ்’னா பிணை, அடகு. ரெண்டும் சேந்தா செத்த அடகு. கிரகப்பிரவேசத்துக்கு முந்தியே வீட்டு வாசல்ல சாவு வந்து உக்காந்தாச்சு! அந்த ‘காஜ்’ லேசுப்பட்ட ஆளில்ல. அதோட குடும்பத்துல பொறந்ததுதான் ‘எங்கேஜ்மெண்ட்’. நிச்சயதார்த்தத்தன்னைக்கு மோதிரம் போட்டுக்கிட்டீரே, அன்னைக்கே உம்மை அடகு வச்சாச்சு. மாசச் சம்பளத்துக்குச் சொல்லுத ‘வேஜ்’ இருக்கே, அதுவும் ஒண்ணுவிட்ட தம்பி. நார்மண்டிக்காரன் வாயில ‘வ’வாக் கேட்டது பாரீஸ்காரன் வாயில ‘க’வா மாறிட்டு. கல்யாணத்துக்கு ஒண்ணு, வேலைக்கு ஒண்ணு, வீட்டுக்கு ஒண்ணுன்னு மூணு அடகையும் ஒரே ஆளா வச்சிருக்கீரு.

இங்கிலீஷ்காரனுக்கு ஏன் பிரெஞ்சுன்னு கேப்பீரு. 1066-ல நார்மண்டியில இருந்து வில்லியம் படையெடுத்து வந்து இங்கிலாந்தைப் பிடிச்சான். ஆண்டவன் பாஷைதானே கோர்ட்டு பாஷை. நிலம், வாரிசு, குத்தகைன்னு கோர்ட்டு வழக்கையெல்லாம் போகப்போகப் பிரெஞ்சுல வாதாட ஆரம்பிச்சிட்டாங்க. குடியானவனுக்கு ஒரு எழவும் புரியல. அப்புறம் 1362-ல ஒரு சட்டம் போட்டான், இனிமே கோர்ட்டுல இங்கிலீஷ்லதான் வாதாடணும்னு. அந்தச் சட்டத்தை எந்த பாஷையில எழுதினான் தெரியுமா? பிரெஞ்சுல! நம்ம ஊர்ல தமிழ்லதான் எழுதணும்னு இங்கிலீஷ்ல சுற்றறிக்கை வரும்லா, அதுக்கெல்லாம் அவன்தான் பாட்டன்.

வக்கீல்மாரு அந்தப் பிரெஞ்சை விடவேயில்ல. போகப்போக அது பிரெஞ்சுமில்லாம, இங்கிலீஷுமில்லாம, லத்தீனும் கலந்து ஒரு கதம்பமாப் போச்சு. 1631-ல சாலிஸ்பரி கோர்ட்டுல நடந்ததைக் கேளும். தண்டனை விதிச்ச ஜட்ஜ் மேல ஒரு கைதி செங்கல்லைத் தூக்கி எறிஞ்சான். மயிரிழையில தப்பிச்சாரு ஜட்ஜ். அதைக் குறிப்பு எழுதுனவரு பிரெஞ்சு வாக்கியத்தை ஆரம்பிக்காரு. செங்கல்லுக்குப் பிரெஞ்சு வரல, இங்கிலீஷைப் போட்டாரு. மயிரிழைக்கும் பிரெஞ்சு வரல, அதுக்கும் இங்கிலீஷைப் போட்டாரு. ‘மேரேஜ் முடிஞ்சு ரிட்டர்ன் வந்துக்கிட்டிருக்கோம்’னு நீரு பேசுதீரே, அதே ஜாதி. அந்தக் கைதியோட வலது கையை வெட்டித் தூக்குமரத்துல அடிச்சு, அவனையும் தூக்குல போட்டாங்க. பாஷையைக் கொலை பண்ணின குறிப்புக்காரரை ஒருத்தனும் ஒண்ணும் கேக்கல. ஒருவழியா 1731-ல சட்டம் போட்டு, 1733-ல இருந்துதான் கோர்ட்டு எழுத்து முழுக்க இங்கிலீஷாச்சு. ‘மார்கேஜ்’ மட்டும் செத்த ‘ட்’டையும் தோள்ல போட்டுக்கிட்டு அங்கயே நின்னுட்டு.

இதுல ஒரு கூத்து இருக்கு. சொல்லைப் பெத்த பிரெஞ்சுக்காரன் இன்னைக்கு அதைச் சொல்லுறதே கிடையாது. அவனுக்கு அடமானம்னா ‘இப்போத்தேக்’. அது கிரேக்கத்துல இருந்து வந்தது. ஆக, மெட்ராஸை ஆண்ட வெள்ளக்காரன் பிரெஞ்சுச் சொல்லால அடமானம் வாங்கினான், புதுச்சேரியை ஆண்ட பிரெஞ்சுக்காரன் கிரேக்கச் சொல்லால வாங்கினான். நிலம் போனவன் மட்டும் ரெண்டு ஊர்லயும் தமிழன்.

எதுக்குச் சாவைக் கூப்பிட்டான்ங்கிறதுக்கு ரெண்டு பெரிய மனுசங்க ரெண்டு விதமாச் சொல்லுதாங்க. ரெண்டாம் ஹென்றி காலத்துல, 1180-கள் கடைசியில, கிளான்வில் பேர்ல ஒரு சட்டப் பொஸ்தகம் வந்தது. அதுல அடகு ரெண்டு ஜாதி. நிலத்தைக் கடன் குடுத்தவன் கையில விட்டு, அவன் எடுக்கிற மகசூலைக் கடன்ல கழிச்சா அது உயிருள்ள அடகு. மகசூலையும் தின்னுட்டு, அசலையும் ஒரு காசு குறையாமக் கேட்டா அது செத்த அடகு. வட்டி வாங்குறது பாவம்னு பாதிரிமாரு கூப்பாடு போட்ட காலம் அது. அதனால வட்டிங்கிற பேரைச் சொல்லாம விளைச்சலை அள்ளிக்கிட்டான். இதுவும் வட்டிதாம்ல, ஆனா ராசா கோர்ட்டு தடுக்காதுன்னு அந்தப் பொஸ்தகமே சொல்லுது. அப்படி அடகு பிடிச்சவன் அந்த நிலையிலயே செத்தா, வட்டிக்காரன் சொத்தை என்ன செய்வானோ அதைத்தான் அவன் சொத்தையும் செய்வானாம்.

இப்போ நம்ம ஒத்தியை நினைச்சுப் பாரும். உம்ம தாத்தா ஓடைக்கரைக் காட்டை ஒத்திக்கு விட்டிருந்தாருல்ல? ஒத்தி பிடிச்சவரு வருசா வருசம் உளுந்தும் பருத்தியும் எடுத்தாரு. திருப்பப் போனப்போ வாங்கின அசலை அப்படியே எண்ணிக் கீழ வைக்கச் சொன்னாரு. கிளான்வில் கணக்குப்படி அது சுத்தமான செத்த அடகு! மெட்ராஸ்ல இன்னைக்கும் லட்சக்கணக்குல மொத்தமா வாங்கிக்கிட்டு, வாடகை கிடையாது, காலி பண்ணும்போது மொத்தப் பணமும் வாபஸ்னு வீட்டைப் போக்கியத்துக்கு விடுதானே, அதுவும் அந்த ஜாதிதான். பேரு பிரெஞ்சா இருந்தாலும் புத்தி ஒண்ணுதான்.

இன்னொரு பெரிய மனுசர் லிட்டில்டன். 1481-ல செத்த ஜட்ஜ். அவரு வேற சொல்லுதாரு. கெடுத் தேதிக்குக் கடன்காரன் பணத்தைக் கட்டுவானா மாட்டானான்னு தெரியாது. கட்டாட்டி நிலம் கடன் வாங்கினவனைப் பொறுத்தவரைக்கும் செத்துது, கட்டிட்டா கடன் குடுத்தவனைப் பொறுத்தவரைக்கும் செத்துது. எப்படிப் பாத்தாலும் ஒரு சாவு உண்டு. அந்தக் காலத்துல அடமானம்னா நிலத்தையே எழுதிக் குடுத்துறணும். சொன்ன நாள்ல, சொன்ன இடத்துல பணத்தோட நிக்கணும். மறுநாள் காலையில போய்க் கதவைத் தட்டினா ‘யாருவே நீரு?’ன்னு கேப்பான். பொறவு சான்சரின்னு ஒரு கோர்ட்டு கண்ணைத் தொறந்து, கெடு தவறினாலும் நியாயமான காலத்துல பணத்தைக் கொண்டாந்தா நிலத்தை மீட்கலாம்னு ஒரு உரிமையை உண்டாக்குச்சு. நிலத்தை எழுதிக் குடுக்கிற பழக்கத்துக்கு முடிவு கட்டுறதுக்கு 1925-ல ஒரு சட்டம் வரவேண்டியிருந்தது.

நிலம் செத்த கதை ஒண்ணு சொல்லுதேன், நீரு காலேஜ்ல உருப்போட்ட ஷேக்ஸ்பியர் வீட்டுக் கதைதான். அப்பன் பேரு ஜான். ஸ்ட்ராட்ஃபோர்டுல கையுறை தைக்கிற தொழில், ஊர்ல பதவியெல்லாம் பாத்தவரு. 1578-ல கை முட்டிக்கிட்டு. பொண்டாட்டி மேரிக்கு அவ அப்பன் விட்டுட்டுப் போன நிலம் வில்ம்கோட் கிராமத்துல கெடந்தது. அதை 40 பவுண்டுக்கு அடமானம் வச்சாரு. யார்கிட்டங்கீரு? எட்மண்ட் லாம்பர்ட்கிட்ட. அவரு மேரியோட அக்கா புருசன். அதாவது சகலப்பாடி! பொண்டாட்டி சொத்தைச் சகலப்பாடிகிட்ட அடமானம் வைக்கிற புத்தி நம்ம பக்கத்துக்குத்தான் சொந்தம்னு நினைச்சிருந்தேன், தப்பாப் போச்சு.

கெடு 1580 செப்டம்பர் 29, மைக்கேல்மஸ் திருநாள். பணத்தைக் கொண்டுபோய் நீட்டினேன்னு ஜான் சொன்னாரு. ‘இது இருக்கட்டும், மத்த பாக்கியையும் சேத்து எடு, அப்புறம் பாக்கலாம்’னு சகலப்பாடி வாங்க மாட்டேன்னுட்டாருன்னு வழக்குல எழுதியிருக்கு. வாய்வார்த்தையாச் சொன்ன சமாதானம் வாசப்படி தாண்டல. 1587-ல லாம்பர்ட் போய்ச் சேந்தாரு, மகன் பிடிச்சுக்கிட்டான். 1597-ல ஜானும் மேரியும் சான்சரியில வழக்குப் போட்டாங்க. அதே வருசம் அவங்க மகன் வில்லியம், நாடகத்துல சம்பாதிச்ச காசுல, ஸ்ட்ராட்ஃபோர்டுலயே பெரிய வீடு ஒண்ணு வாங்கிட்டான். காசு இருந்தது, வக்கீல் இருந்தான், அம்மா நிலம் மட்டும் வரவேயில்ல. கெடு தவறினா ஒரு பவுண்டு சதைன்னு நாடகம் எழுதினவன் வீட்டுல நடந்தது இது.

மகன் படிச்சுக்கிட்டானா? 1613 மார்ச்சுல லண்டன் பிளாக்ஃபிரையர்ஸ்ல ஒரு வாசக்கட்டு வீட்டை 140 பவுண்டுக்கு வாங்கினாரு. கையில 80 பவுண்டு வச்சாரு, மீதி 60-க்கு வித்தவன்கிட்டயே அடமானம் எழுதினாரு. கெடு? மறுபடியும் மைக்கேல்மஸ்! தோல் பத்திரத்துல முத்திரை தொங்குற பட்டையில இடம் பத்தாமப் பேரைச் சுருக்கிக் கையெழுத்துப் போட்டிருக்காரு. அவரு கைப்பட்ட கையெழுத்து உலகத்துலயே ஆறுதான் நிச்சயமா இருக்குன்னு சொல்லுதாங்க. அதுல ஒண்ணு இந்த அடமானப் பத்திரத்துல. நீரும்தான் பேங்க்ல பக்கத்துக்குப் பக்கம் போட்டுட்டு வந்திருக்கீரு, யாராவது கண்ணாடிப் பெட்டியில வைப்பானா?

நம்ம நாட்டுக்கு 1882-ல சொத்து மாற்றுச் சட்டம் வந்தது. அதுல 58-ம் பிரிவு அடமானத்தை ஆறு விதமாப் பிரிச்சு வச்சிருக்கு. சாதா அடமானம், சுவாதீன அடமானம், இன்னும் என்னென்னமோ. உம்மது பத்திரத்தை ஒப்படைச்சு வைக்கிற அடமானம். கடனுக்கு ஈடா அசல் பத்திரத்தைப் பேங்க்காரன் மேசையில வச்சாலே அடமானம் ஆயிடும். இந்த வசதி ஆதியில கல்கத்தா, மெட்ராஸ், பம்பாய் வியாபாரிக்காக வச்சது, அறிவிச்ச ஊர்லதான் செல்லும். நம்ம ஊர்ல ஒத்தின்னு சொல்லுறது சுவாதீன அடமானம். ‘30 வருசம் தாண்டியாச்சு, இனி காடு எனக்குத்தான்’னு ஒத்தி பிடிச்சவன் மீசையை முறுக்குவான்லா? அந்தப் பருப்பு வேகாது. கெடு எதுவும் வைக்காத சுவாதீன அடமானத்துல, வருசம் ஓடிட்டுங்கிறதுக்காக மீட்கிற உரிமை போயிடாதுன்னு 2014-ல உச்ச நீதிமன்றம் சொல்லியாச்சு. ஓடைக்கரைக் காட்டுப் பத்திரத்தைத் தேடி எடும், பொறவு பேசுவோம்.

பேங்க்காரன் இன்னும் ரெண்டு பிரெஞ்சுச் சொல்லை உம்ம பையில போட்டு அனுப்பியிருப்பானே. ஒண்ணு ‘அமார்ட்டைசேஷன்’ அட்டவணை. அதுலயும் அந்த ‘மார்’ இருக்கு பாத்தீரா? கடனைக் கொஞ்சங் கொஞ்சமாக் கொல்லுறதுன்னு அர்த்தம். எவ்வளவு கொஞ்சம்னு கேளும். 30 லட்சம், 9 சதவீத வட்டி, 20 வருசம். மாசத் தவணை 26,992 ரூபா. முதல் மாசம் அதுல 22,500 வட்டிக்கே போயிடும், கடன் மேல விழுற அடி 4,492 தான். பத்து வருசம் ஒரு தவணை தவறாமக் கட்டினாலும் 21 லட்சத்துக்கு மேல அசல், எருமை மேல மழை பேஞ்ச மாதிரி அசையாம நிக்கும். எல்லாம் தீரும்போது கட்டின மொத்தம் 64 லட்சத்து 78 ஆயிரம். போனஸு வந்தா பைக்கு மாத்தணும், காரு மாத்தணும்னு துடிக்காதேயும். முதல் வருசங்கள்ல கூடுதலா ஒரு லட்சம் அசல்ல போட்டா அதுதான் மர்ம அடி.

இன்னொரு சொல்லு ‘ஃபோர்குளோஷர்’. வெளிய தள்ளிக் கதவைச் சாத்துறதுங்கிற பழைய பிரெஞ்சு. நம்ம பேங்க்ல கடனை முன்கூட்டியே முடிக்கிறதுக்கு இந்தப் பேரு வச்சிருக்கான். ‘ஃபோர்குளோஸ் பண்ணிட்டேன் மாமா’ன்னு உம்ம சேக்காளி லட்டு கொண்டாந்து குடுத்தானே, அதை அமெரிக்காவுல போய்ச் சொன்னா துக்கம் விசாரிக்க வந்துருவாங்க. அங்க அது கடன் குடுத்தவன் வீட்டைப் பிடுங்குறதுக்குப் பேரு. பிடுங்குறது இங்கயும் உண்டு, பேருதான் வேற. 90 நாள் தவணை தவறினா வாராக்கடன். 2002-ல வந்த சட்டப்படி 60 நாள் நோட்டீசு குடுத்துட்டு, சிவில் கோர்ட்டுல வழக்குப் போடாமலே வீட்டுக்கு வந்துருவான். விவசாய நிலத்தை அந்தச் சட்டத்தால தொட முடியாது. அதனாலதான் உம்ம மாமன் கோவணத்தோட காட்டுல நிம்மதியாத் திரியுதேன்.

வெள்ளக்காரன் அடமானத்துல சாவை வச்சான், நாம மானத்தை வச்சோம். இலக்கணம் படிச்சவங்க சண்டைக்கு வராதீங்க, காதுல விழுந்ததைச் சொன்னேன். மானத்தை அடமானம் வச்சவன்னு நாம ஏசுறதும், நாட்டோட எதிர்காலத்தை மார்கேஜ் பண்ணிட்டான்னு அவன் பத்திரிகையில எழுதுறதும் ஒரே ஏச்சுதான். ஒற்றியூர்ங்கிற பேரை வச்சு, அடமான ஊர்ல குடியிருக்கிற சாமின்னு சிவனையே கேலி பண்ணின பாட்டு நம்மகிட்ட உண்டு. அவருக்கே அந்தக் கதின்னா உமக்கு வெக்கமென்ன? ‘ஹோம் லோன்’னு பவுடர் பூசாம அடமானம்னு வாய்விட்டுச் சொல்லும். வாங்கும்போது ‘ஹோம்’ங்கிறவன் நோட்டீசு அனுப்பும்போது மார்கேஜிதான். அதே பேங்க்ல ‘மார்ட்கேஜ் லோன்’னு தனியா ஒண்ணு இருக்கும். கட்டின வீட்டை மறுபடி அடகு வச்சு, மக கல்யாணத்துக்கோ கடை போடவோ வாங்குறது. அந்தப் பக்கம் தலை வச்சும் படுக்காதேயும்.

கடைசியா ஒரு காரியம், இதை மட்டும் எழுதி வச்சுக்கிடும். கடன் தீர்ற அன்னைக்குச் சாமிக்குப் பொங்கல் வச்சுட்டுச் சும்மா இருந்திராதேயும். மொத்தமும் கட்டின 30 நாளுக்குள்ள அசல் பத்திரம் எல்லாத்தையும் திருப்பிக் குடுக்கணும், பேங்க் பக்கம் தப்பிருந்து தாமதமானா நாளுக்கு 5,000 ரூபா உமக்குக் கட்டணும்னு 2023-ல ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டு, டிசம்பர் 1-ல இருந்து நடப்புல இருக்கு. எந்தெந்தப் பத்திரத்தைக் குடுத்தீருங்கிற பட்டியலை இன்னைக்கே கையெழுத்தோட வாங்கி வையும். தீர்ந்ததும் சப்-ரிஜிஸ்தர் ஆபீசுல ரசீதுப் பத்திரத்தைப் பதியும். பொறவு புதுசா வில்லங்கம் போட்டு, அடமானம் தீர்ந்துதுன்னு அதுல ஏறியிருக்கான்னு உம்ம கண்ணால பாரும். மேனேஜர் நல்ல மனுசன், வாயால சொன்னாருன்னு வந்து நிக்காதேயும். ஜான் ஷேக்ஸ்பியருக்கும் சகலப்பாடி வாயாலதான் சொன்னாரு.